எந்த வேகத்தில் வாசிப்பது

1

நேற்றுக் காலை பாடத்துக்கு வந்த சீனத்து அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி. நாற்பது வயதுக்கு மேல் பியானோ பழக ஆசைப்பட்டு வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டுக்கு வருகிறாள். பழைய ஜெர்மன் தேசத்து நடனம் ஒன்றை நான் கையால் பிரதியெடுத்துக் கொடுத்திருந்தேன். அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எவ்வளவு வேகத்தில் வாசிப்பது? தாளில் ஒன்றும் போடவில்லையே" என்றாள்.

நியாயமான கேள்விதான். இருநூறு வருடத்துக்கு முன்பு அந்த இசையை எழுதியவர்களுக்கு வேகத்தை எழுதிவைக்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. சுரம் இருக்கும், தாளம் இருக்கும், தலைப்பில் நடனத்தின் பெயர் இருக்கும். மற்றதை வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். தலைவலி என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

நான் பினாங்குக்கு வந்து இந்த மாதத்தோடு இருபது வருடம் ஆகிறது. அரியலூரிலிருந்து மாதப் பத்திரிகை நடத்தும் பங்குச் சாமியார், "வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள், நம் ஜனங்கள் ஆசையாகப் படிப்பார்கள்" என்று போன வருடமே கடிதம் போட்டிருந்தார். மலை ரயிலைப் பற்றியும் சீனர்கள் தெருவைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவையெல்லாம் இங்கே இருக்கின்றன. ஆனால் எனக்கு எழுத இருப்பது அந்த அம்மாள் கேட்ட கேள்வி ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்ல என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

2

என் தகப்பனார் வரதராஜன்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என்னைத் திருச்சியில் மடத்துப் பள்ளியில் விட்டுப் படிக்கவைத்தார். அங்கேதான் பியானோ பழகினேன். என் வீட்டுக்காரர் லூர்துசாமி ஏலாக்குறிச்சிக்காரர். அங்கே மாதா கோவிலில் கால்பெட்டி, அதாவது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம், வாசிப்பவர். எங்களுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது, நிலம் நீச்சு பற்றியெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் நடுவில் புகுந்து, "பொண்ணு பியானோ வாசிக்குமாமே, வேகமாவா மெதுவாவா?" என்று கேட்டாராம். என் தகப்பனாருக்கு இவர் கிறுக்கோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கிறுக்கு இல்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. மாதா திருநாளுக்கு ஏலாக்குறிச்சிக்குச் சுற்று ஊர்களிலிருந்து ஜனம் வந்து குவியும். வண்டி கட்டி வருகிறவர்கள், நடந்தே வருகிறவர்கள் என்று கோவில் வாசல் வரை நிற்பார்கள். அப்போது இவருக்குப் பதினேழு வயது. உற்சாகத்தில் பாட்டை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறார். பின்னால் நின்றவர்கள் ஒரு வரி பிந்திப் பாட, முன்னால் நின்றவர்கள் அடுத்த வரிக்குப் போக, பாட்டு சந்தைக் கூச்சலாகிவிட்டது. கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எல்லோர் முன்னிலும், "ஏன்டா லூர்து, மாடு மெரண்ட மாரி ஓடுறே? சனங்க பின்னால வந்து சேர வேணாமா?" என்று கத்தினாராம்.

அன்றிலிருந்து அவருக்கு வேகத்தின் மேல் ஒரு பித்து. கூட்டம் இல்லாத நாளில் கோவிலுக்குள் ஒற்றைச் சுரத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, அது சுவரில் பட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கேட்பாராம். கூட்டம் நிறைந்த நாளில் அதே சுரம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதையும் கவனிப்பாராம். "ஒரே பாட்டு. ஆள் இல்லாதப்ப ஒரு வேகம், ஆள் இருக்கறப்ப ஒரு வேகம். எடம் சொல்லும், ரோசலி. நாம கேக்கணும்" என்பார்.

கல்யாணமான ஆறாம் மாதம், மழை பிடித்த ஒரு நாள், அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். நாகப்பட்டினத்தில் கப்பல். அவருக்கு இங்கே கடலுக்கு அக்கரையில், பெருநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்திருந்தது. கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. நான் பினாங்குத் தீவில் குடியிருந்தேன். அவர் சனிக்கிழமை படகேறி வருவார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் பழைய பியானோவை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். வாசிக்க உட்காரும் முக்காலியின் பெட்டிக்குள் கிடந்ததுதான் அந்த நடனப் புத்தகம்.

3

அதில் சரபாந்த் என்று ஒரு நடனம், சீனத்து அம்மாளுக்கு நான் பிரதியெடுத்துக் கொடுத்தது. மூன்று தட்டுத் தாளம். இரண்டாம் தட்டில் சற்று அழுந்தி நிற்கும். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

முதல் முறை நான் வாசித்தபோது அவர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, பக்கத்தின் மேல் மூலையில் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டினார். தாளம் தட்டும் கருவியை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது.

"இதை யாரு போட்டது?"

"புத்தகத்துலயே இருக்குதுங்க."

"எழுதினவன் போடல, ரோசலி. அவன் காலத்துல இந்தத் தட்டுற மிஷினே கெடையாது. நூறு வருசம் கழிச்சு அச்சுப் போட்டவன் அவன் இஷ்டத்துக்குப் போட்டுருக்கான்." பென்சிலை எடுத்து அந்த எண்ணின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அப்ப எதை வச்சுதான் வாசிக்கறது?"

"இடது கையைப் பாரு. அது எப்ப எப்ப எடம் மாறுதோ அதான் கால் வைக்கிற எடம். நடனம்னு தானே பேரு வச்சிருக்கான்? ஆடுறவன் தூக்குன காலைக் கீழ வைக்கணுமா இல்லியா? நீ வாசிக்கிற வேகத்துக்கு அவன் அந்தரத்துலேயே நிக்கணும்."

நானும் விடவில்லை. "அந்தக் காலத்துப் பெட்டியே வேறங்க. கம்பியைக் கொத்தி விடுவாங்க, சத்தம் ஒடனே அடங்கிடும். அதனாலதான் எடைவெளிய ரொப்ப இத்தனை அலங்காரம் எழுதினாங்க. பியானோவுல சத்தம் நிக்குதே. நிக்கிற சத்தத்தைக் கேக்க விட வேணாமா?"

"சரி, அந்த அலங்காரத்தை நீ வாசிக்கிற வேகத்துலயே வாயால பாடு பாப்போம்."

பாடினேன். பாதியில் மூச்சு முட்டியது. அவர் சிரித்தார். பிறகு அவர் தன் வேகத்தில் வாசித்துக் காட்டினார். அலங்காரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கின. இப்போது நான் சிரித்தேன்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவர் கால்களை வைத்துக் கணக்குப் பார்த்தார், நான் காதை வைத்துப் பார்த்தேன். வருடங்கள் போகப் போக அவர் வேகம் கொஞ்சம் குறைந்தது, என்னுடையது கொஞ்சம் கூடியது. ஆனாலும் அவருடையது எப்போதும் ஒரு எட்டு முன்னால்தான் இருந்தது. எங்கள் மகள் பிலோமினா நடக்கக் கற்றதிலிருந்து அப்பா வாசித்தால் எழுந்து ஆடுவாள். நான் வாசித்தால் உட்கார்ந்துவிடுவாள். "பாத்தியா, கொழந்தையே சொல்லிருச்சு" என்பார்.

4

போர் வந்தது. ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடத் திரட்டினார்கள். ஆட்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளக் கிராணியும் உடன் போக வேண்டும் என்று உத்தரவு. "மூணு மாசம்தான், வந்துடுவேன்" என்று சொல்லி ஒரு பையோடு போனார். பிலோவுக்கு அப்போது பதின்மூன்று வயது. படகுத்துறை வரை கூடப் போய் வந்தாள்.

மூன்று மாதம் ஆறாயிற்று, வருடமாயிற்று. கடிதம் இல்லை.

ஊரில் நீங்கள் என்ன கஷ்டப்பட்டீர்களோ எனக்குத் தெரியாது. இங்கே மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தோம். இருந்த சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து அரிசி வாங்கினேன். பிலோ ஜப்பான் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாட்டுப் பாடக் கற்றாள். அதற்கு முன் படித்ததெல்லாம் கான்வென்டில் இங்கிலீஷ். தமிழ் அவளுக்குக் காய்கறிக்காரனோடு பேசும் அளவுக்குத்தான் இருந்தது. "சோறு போடு", "தண்ணி சுடுது", "பூனை செத்துப் போச்சு." அவ்வளவே. அப்பா இருந்தால் அவரோடு பேசியாவது தமிழ் வளர்ந்திருக்கும். நானோ, அவள் பரீட்சையில் தேற வேண்டும் என்று என் வாயாலேயே இங்கிலீஷில் பேசிப் பழக்கிவிட்டேன். அதன் பலனை நான் அனுபவிக்கப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

5

போர் முடிந்த சில மாதங்களில், ஒரு முற்பகல், வாசலில் ஒருவர் வந்து நின்றார். வலது கணுக்காலில் சதை தின்றுபோன பெரிய தழும்பு. குச்சி ஊன்றி நின்றார். பிலோ பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"கிராணி ஐயா வூடுங்களா? எம் பேரு பெரியசாமிங்க. நமக்குப் பெரம்பலூருப் பக்கம், குரும்பலூரு. ஐயாவோட ஒரே கொட்டாயில இருந்தேனுங்க."

உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். குச்சியைப் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார்.

"ஐயா போயிட்டாருங்கம்மா."

நம் ஊரில் யார் இதைச் சொன்னாலும் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. வயிற்றுப்போக்கும் காலில் புண்ணும் சேர்ந்து வந்ததாம். இரண்டு மாதம் மூங்கில் தட்டியில் படுத்திருந்தாராம். பெரியசாமியும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு போய் ஆற்றோரம் புதைத்தார்களாம். சிலுவை போட மூங்கில் வெட்டக்கூடக் காவல்காரன் விடவில்லையாம்.

நான் அழவில்லை. அவர் பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானுங்களா அது? ஐயா சொல்லுவாரு. படுத்துக்கிட்டே தட்டி மேல வெரல்ல தட்டிக்கிட்டே இருப்பாரு. 'என்னங்கய்யா'ன்னு கேட்டா, 'எம் பொண்டாட்டி மெதுவா வாசிப்பா, நான் வேகமா வாசிப்பேன், யாரு சரின்னு பாக்குறேன்'ம்பாரு."

"எப்படித் தட்டுனாரு? தட்டிக் காட்டுங்க."

அவருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். எழுந்து பியானோ முன் உட்கார்ந்து சரபாந்தின் முதல் வரியை வாசித்தேன். "இந்த மாதிரியா? இல்ல, இந்த மாதிரியா?" என்று இரண்டு வேகத்தில் வாசித்துக் காட்டினேன். கணவன் இறந்த செய்தி கேட்டுக் கால் மணி நேரம் ஆகவில்லை. ஒரு பெண் இப்படியும் இருப்பாளா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்போது கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

பெரியசாமி யோசித்தார். "ஊர்ல நான் கவலை ஓட்டுனவன்மா, கெணத்துல மாடு பூட்டித் தண்ணி எறைக்கறது. மாடு சரிவுல எறங்கறப்ப ஒரு நடை, தண்ணிச் சால நெறச்சுக்கப் பின்னால ஏறறப்ப ஒரு நடை. ஐயா மொத மாசத்துல மாடு எறங்குற நடையில தட்டுனாரு. அப்புறம் கொறைஞ்சுகிட்டே வந்துச்சு. கடேசியில பின்னால ஏறுற நடைதான். அப்புறம் வெரலு ஓய்ஞ்சிருச்சு."

என் வேகத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார். அதில் எனக்கு வெற்றி என்று எதுவும் இல்லை.

6

சயாமுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பதிவு செய்ய ஒரு ஆபீஸ் திறந்திருந்தார்கள். பெரியசாமியை அழைத்துக்கொண்டு போனேன். பிலோவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான்கு நாட்களாக ஒவ்வொரு வேளையும், சாப்பிட்டு முடியட்டும், தூங்கி எழட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆபீஸ் காகிதம் கைக்கு வந்ததும் அதைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மொழிபெயர்க்க இருந்த இளைஞர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பெரியசாமி கையைக் கட்டி நின்றுகொண்டு, "ஐயா போயிட்டாருங்க" என்றார். இளைஞர் நிமிர்ந்தும் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனார். "எந்த மாதம்?" "மழைக்கு முந்திங்க." "யாரோடு?" பெரியசாமிக்குக் கேள்வி புரியவில்லை. "யாரும் இல்லீங்க, தனியாத்தான்" என்றார். முடிந்தது. காகிதத்தை என் முன் தள்ளினார்.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். 'மேற்படி லூர்துசாமி மழைக்காலத்துக்கு முன்பு தனியாக முகாமை விட்டுச் சென்றார்' என்று எழுதியிருந்தது.

இரண்டு முறை படித்தேன். ஒரு வார்த்தை சொன்னால் திருத்தியிருப்பார். பேனா என் கையில் இருந்தது. அந்த வரியில் அவர் எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தார். அதை என் கையால் அடிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிலோ அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தப்பிச்சிருக்கார்மா! எங்கேயோ இருக்கார்!" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்று வருடம் சொல்லவில்லை. அரியலூரில் இருக்கும் என் கொழுந்தனாருக்கும், "தகவல் ஒன்றும் இல்லை" என்றே எழுதினேன். மகள் பார்க்கிறாளே என்று கலர்ச் சேலையே கட்டினேன். வீட்டுக்காரரின் ஆன்மாவுக்காக ஒரு பூசைகூட வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மரித்தவர்களின் பெயரைச் சாமியார் வாசிக்கும்போது என் வாய்க்குள் அவர் பெயரைச் சொல்லிக்கொள்வேன்.

7

பிலோ சரபாந்தைப் பழகத் தொடங்கினாள். அப்பாவின் வேகத்தில். அவர் வரும்போது வாசித்துக் காட்ட வேண்டுமாம். தினமும் மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்காருவாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்வாள். "அப்பா இந்த இடத்துல எப்படி எடுப்பார்? இன்னும் வேகமா?" நான் பதில் சொல்வேன். "இன்னும் கொஞ்சம் முன்னால. அந்த ரெண்டாம் தட்டுல மட்டும் அழுத்து." மண்ணுக்குள் இருப்பவரின் கால்களுக்கு ஏற்ப அவள் விரல்களை நான் ஓட்டினேன். நன்றாகவே வாசித்தாள். அலங்காரங்களை நசுக்காமல் அந்த வேகத்தில் எடுக்க அவளால் முடிந்தது. எங்கள் இருவராலும் முடியாத காரியம் அது.

அவள் இல்லாத நேரத்தில் நான் மட்டும் வாசிப்பேன். என் வேகத்தில். அதையும்விடக் குறைவாக. ஒவ்வொரு சுரமும் தானாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுவேன். அது இசையாக இருந்ததா என்று தெரியாது. எனக்கு வேறு பூசை இல்லை.

ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். நான் கவனிக்கவில்லை. கதவருகில் நின்று கடைசி வரை கேட்டிருக்கிறாள்.

"ஏன்மா இப்படி வாசிக்கறே?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "யாரோ செத்துப்போன மாதிரி?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்றேன். பக்கத்தின் மூலையில் இருந்த எண்ணைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அதன் மேல் அவர் போட்ட பென்சில் கோட்டை விரலால் தடவினாள்.

"அப்பா இதை வேண்டாம்னு அடிச்சிருக்காரே" என்றாள். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் முன்பைவிட வேகமாக வாசிக்க ஆரம்பித்தாள். என்னை மறுத்துப் பேசுவது போல.

8

இந்த வருடத் தொடக்கத்தில் பிலோவுக்குப் பதினெட்டு முடிந்தது. ஒரு நாள், சயாம் எல்லைக்குப் போக அனுமதி கேட்டு எழுதிய மனுவின் நகலை மேசை மேல் பார்த்தேன். முகாம்கள் இருந்த ஊர்களின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். தனியாகப் போய்த் தேடப் போகிறாளாம். அதே வாரம் பெரியசாமி ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். பத்து நாளில் அவருக்கு நாகப்பட்டினம் கப்பல். அவர் போய்விட்டால் சாட்சி சொல்ல ஆளே கிடையாது.

இனித் தள்ள முடியாது. மறுபடி அந்த ஆபீசுக்கு மனுப் போட்டேன். "அப்பாவைப் பற்றி இன்னும் விவரம் கேட்கப் போகிறோம்" என்று சொல்லி, பெரியசாமியோடு பிலோவையும் அழைத்துப் போனேன். வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருந்தார். அடுத்த வாரம் வரச்சொன்னார் வெள்ளைக்கார அதிகாரி. அடுத்த வாரம் கப்பல் போய்விடும் என்றேன். நானே மொழிபெயர்க்கிறேன் என்றதற்கு, மனுப் போட்டவரே செய்யக்கூடாது என்றார். நான் அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பிலோ எழுந்து, "நான் செய்கிறேன்" என்றாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார்.

நான் தடுக்கவில்லை.

"அப்பாக்கு என்ன ஆச்சி? சொல்லுங்க" என்று தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

பெரியசாமி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா போயிட்டாருங்க, பாப்பா" என்றார்.

பிலோ அதிகாரியின் பக்கம் திரும்பி, தெளிவான இங்கிலீஷில், "என் அப்பா முகாமை விட்டுப் போய்விட்டார் என்கிறார்" என்றாள். மறுபடி பெரியசாமியிடம் திரும்பினாள். "எந்தப் பக்கம் போனாங்க? ரோட்டுல போனாங்களா?"

பெரியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, பாப்பா என்ன கேக்குது?"

நான் எழுந்து நின்றேன். "பெரியசாமி, அந்த வார்த்தை வேணாங்க. வேற சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது? ஐயாவைப் போயி..."

"சொல்லுங்க. அவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "செத்துட்டாருங்க. நாந்தான் குழி வெட்டுனேன். நாந்தான் மண்ணு தள்ளுனேன்."

அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்த சொல். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதிகாரி, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவர் பேனாவை மூடவில்லை. மறுபடி கேட்டார்.

பிலோ நிமிர்ந்து நின்று, பரீட்சையில் ஒப்பிப்பது போல, "என் அப்பா இறந்துவிட்டார், இவர் அவரைப் புதைத்தார்" என்று இங்கிலீஷில் சொன்னாள். "எங்கே என்று கேள்" என்றார் அதிகாரி. கேட்டாள். "என்ன நோய்?" கேட்டாள். பதில்களைச் சொன்னாள். புண் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை வராமல் தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். கடைசி வரி வரைக்கும் அவள்தான் சொன்னாள். பெரியசாமி பெருவிரல் ரேகை வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

9

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது.

"மொத பேப்பரை அன்னிக்கே படிச்சியாம்மா?"

"படிச்சேன்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் பேசினாள். "மூன்று வருடம் நான் வேகமாக வாசித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் வேகமாக வாசிக்கச் சொன்னாய்."

"நீ உடைஞ்சிடுவியோன்னு பயந்தேன்" என்றேன்.

"இல்லை" என்றாள். "நீ தனியாக அழுதுகொள்ள அவரை வைத்துக்கொண்டாய். எனக்குப் பங்கு தரவில்லை."

நான் யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொன்னது முழுக்கச் சரி இல்லை. ஆனால் தவறு என்று சொல்லவும் முடியவில்லை.

அவருக்காக வைத்த மரித்தோர் பூசைக்குப் பிலோ கறுப்பு உடை உடுத்தி வந்தாள். என் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். கொழுந்தனாருக்கு உண்மையை எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. பெரியசாமி கப்பல் ஏறினார். குரும்பலூர் போய்ச் சேர்ந்திருப்பார். சயாம் மனுவைப் பிலோ தானாகவே திரும்ப வாங்கிக்கொண்டாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒரு தகரப் பெட்டியோடு போனாள். பஸ் ஏறும்போது என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கடமைக்குக் கொடுப்பது போல இருந்தது. மாதம் ஒரு கடிதம் வருகிறது. இங்கிலீஷில், ஒரு பக்கம். நலம், வேலை அதிகம், சாப்பாடு பரவாயில்லை. பியானோவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அங்கே மடத்தில் ஒரு பியானோ இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். தொட்டாளா என்று கேட்டு எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இன்று மத்தியானம் சரபாந்தை எடுத்து வைத்தேன். முதலில் அவர் வேகத்தில் வாசித்தேன். விரல் தடுக்கினாலும் கடைசி வரை போனேன். பிறகு என் வேகத்தில். பிறகு இரண்டுக்கும் நடுவில், இடது கை மாறும் இடங்களைப் பார்த்து, ஜன்னல் திறந்திருக்கும் இந்தச் சின்ன அறையில் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே. மூன்றும் சரியாகவே இருந்தன. எதில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

இத்தனை வருடமும் நான் வேகத்தைத் தேர்ந்தது இசையைப் பார்த்து மட்டும் இல்லை. அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வரும், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்தக் குரலை எதிர்த்துத்தான் என் வேகம் எனக்குக் கிடைத்தது. இன்று மூன்று தடவை வாசித்தும் யாரும், "என்னம்மா இது" என்று கேட்கவில்லை. எழுந்து போய் அடுத்த அறையின் கதவைத் திறந்து பார்த்தேன். பிலோவின் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. கதவைச் சாத்தாமல் வந்து உட்கார்ந்து நான்காம் தடவை ஆரம்பித்தேன்.